முந்நூற்று அறுபத்தைந்தில் இருநூற்றுப் பதினான்கு

1

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால்கனியில் தொங்கும் கருவியைப் பார்த்து வெப்பம் இருபத்தேழு, ஈரப்பதம் எண்பத்தொன்று என்று நோட்டில் எழுதினேன். பல் தேய்த்து, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். பிறகு குப்பையைப் பிரித்தேன். தைபேயில் தெருவில் குப்பைத் தொட்டி கிடையாது. மாலையில் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஐந்து நிமிடம் நிற்கும், எல்லோரும் பையோடு இறங்கி ஓட வேண்டும். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, சமையல் கழிவு தனி. ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டுப் பை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

5.05க்குக் காபி. என் மனைவி கஸ்தூரி போட்டு மூடி வைத்திருப்பாள். அன்று அடுப்பு குளிர்ந்திருந்தது. சாமி அலமாரியில் மஞ்சள் டப்பாவும் குங்குமச் சிமிழும் இல்லை. கதவருகே அவள் செருப்பு மட்டும் இருந்தது. செருப்பு இங்கே இருந்து ஆள் இல்லையென்றால் வெறுங்காலோடு போயிருக்கிறாள். வெறுங்காலோடு போவது கோயிலுக்கு. நடந்து போகும் தூரத்தில் நம் கோயில் எதுவும் இல்லை. நாட்காட்டியைப் பார்த்தேன். கிருத்திகை. எங்கே போயிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஆர்.கே.பேட்டையிலும் திருத்தணியிலும் எங்கள் உறவுக்காரர்களிடையே ஒரு செய்தி உலவுகிறது. கஸ்தூரி வெளிநாட்டு மலை ஒன்றில் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து வேண்டுதலை முடித்தாள் என்று அவள் அக்காள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். சர்க்கரைப் பொங்கல் வைத்து அண்டை அயலுக்குக் கொடுத்தார்களாம். எண்ணிக்கை தவறு. இருநூற்றுப் பதினான்கு. மற்றதும் தவறு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

2

எங்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நான் திருத்தணிக்காரன், மலையடிவாரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. சென்னைக்கு ரயிலில் போய் வந்து வேலை பார்த்தவன். இங்கே இயந்திர உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடினாலும் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

கஸ்தூரி என் மாமன் மகள். ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருந்த வீடு. எங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் ஒரே பானையில் வெந்தவை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு நான் பாவா. அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் பதினொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தாள். இங்கே அவளுக்கு வேலை இல்லை.

மகள் ஹரிணிக்குப் பதினைந்து வயது. வரும்போது ஆறு. அப்போது என்னை நைனா என்பாள், பிறகு அப்பா, இப்போது தோழிகள் எதிரில் எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் மூவரும் வெளியே போவது வழக்கம். ஒரு வாரம் கடற்கரை, ஒரு வாரம் வெந்நீர் ஊற்று, ஒரு வாரம் சும்மா ரயிலில் கடைசி நிலையம் வரை. ஒரே ரயிலில் போவோம், ஆனால் ஹரிணி வேறு பெட்டியில் ஏறுவாள். நிலையம் வந்ததும் கண்ணாடி வழியே இறங்கச் சொல்லிக் கைகாட்டுவாள். அம்மா தலையில் பூ வைத்தால் இரண்டு பெட்டி தள்ளி.

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. உச்சியில் நாலுகால் மண்டபம், அதுவரை படிகள், வழி நெடுக உடற்பயிற்சி செய்யும் வயதானவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அதில் ஏறினோம். நான் எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது, எண்ணியதை மதியச் சாப்பாட்டில் சொல்லியிருக்கவும் கூடாது.

"முந்நூத்தி எழுபத்தொண்ணு. அதுல கீழ ஆறு சிமெண்ட்டு, அப்புறமா கட்டினது" என்றேன்.

கஸ்தூரி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். கழித்துப் பார்க்க அவளுக்கு நேரம் ஆகாது.

"அப்ப கல்லுப் படி முந்நூத்தி அறுபத்தஞ்சா? பாவா, நம்ம படி!"

"அம்மா, ப்ளீஸ். அது பார்க்" என்றாள் ஹரிணி.

3

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருடத்தில் நாளுக்கு ஒன்று. டிசம்பர் முப்பத்தொன்றில் கோஷ்டி கோஷ்டியாக வந்து படிக்கு ஒரு பாட்டுப் பாடி ஏறுவார்கள். மற்ற நாட்களிலும் வேண்டிக்கொண்ட பெண்கள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிறவன் அதை மிதிக்காமல் ஓரமாக ஏறுவான். அங்கே யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். வேறு ஊரில் இது எப்படித் தோன்றும் என்று எங்களில் யாரும் யோசித்ததும் இல்லை.

கஸ்தூரியின் வேண்டுதல் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக. வீட்டில் அதற்குக் கார்டு என்று பேர். என் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அனுமதி வராவிட்டால் மூவரும் திரும்ப வேண்டும். ஹரிணிக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ஆங்கிலம் அரைகுறை. "அங்க போனா நான் செத்துடுவேன்" என்று ஏப்ரலில் ஒரு முறையும் ஜூனில் ஒரு முறையும் சொன்னாள். விண்ணப்பம் எட்டு மாதம் நின்றுபோனதற்குக் காரணம், ஊரிலிருந்து வந்த நன்னடத்தைச் சான்றில் கஸ்தூரியின் பிறந்த வருடத்தில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்ததுதான். அதைத் திருத்தி வாங்க நான் ஒருமுறை விமானம் ஏறினேன். இனி ஒரே நிபந்தனைதான் என்று நினைத்திருந்தேன். மூவர் பேரிலும் எந்தக் குற்றப் பதிவும் இருக்கக் கூடாது.

அனுமதி கிடைத்ததும் ஊருக்கு வந்து படி வைக்கிறேன் என்றுதான் கஸ்தூரி வேண்டியிருந்தாள். அக்காள் போனில் மாற்றிவிட்டாள்.

"கெடச்ச பிறகு வெக்கிறேன்னா ஊரு ஒலகமே வெக்கும். மொதல்ல வெச்சிட்டுக் கேளுடி. அங்க மலையே இல்லியா? எங்கியும் அவன்தானே கீறான்?"

மஞ்சளும் அக்காள் அனுப்பியதுதான், வீட்டில் காயவைத்து அரைத்தது. ஆடிக்கிருத்திகை அன்று வைப்பதாக இருந்தாள். அன்று வீட்டுக்கு விலக்கு. ஆடி போனால் அடுத்த கிருத்திகை என்றாள் அக்காள். என் நோட்டில் ஆகஸ்ட் 10 அன்று இப்படி இருக்கிறது: "கஸ்தூரி படி விஷயம் கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை." அடுத்த கிருத்திகை எந்த மாதத்தில் விழுகிறது என்பதை நானும் பார்க்கவில்லை.

4

அது இந்த ஊர்க்காரர்களின் ஏழாம் மாதம். பேய்களின் மாதம். கீழுலகக் கதவு திறந்து, கவனிப்பாரற்ற ஆவிகள் தெருவில் அலையும் என்பது நம்பிக்கை. அந்த மாதத்தில் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள், கடைவாசலில் மேசை போட்டுப் பழமும் பிஸ்கட்டும் படைப்பார்கள். ஆவியைக் கட்டுவதற்கும் ஏவுவதற்கும் இவர்கள் பயன்படுத்துவது மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் எழுதிய சீட்டு. மஞ்சளில் சிவப்பு. விடிந்ததும் கைவீசி நடக்க வந்த வயதானவர்கள் முதல் கல்லுப் படியில் அதைப் பார்த்தார்கள். அடுத்த படியிலும் பார்த்தார்கள்.

நான் போனபோது மணி 5.25. கீழே பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாரும் ஏறவில்லை. நான் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் நட்டநடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள், அதன் மேல் குங்குமம். கோடு போட்டாற்போல நேராகப் போனது. குனிந்து வேலை செய்யும் கை இருநூறு படிக்குப் பிறகும் விலகவில்லை. என் பிரிவில் அப்படிப்பட்ட கை யாருக்கும் இல்லை.

இருநூற்றுப் பதினான்காம் படியில் கஸ்தூரி நின்றிருந்தாள். மேலே பூங்கா ஊழியர் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு மறித்தார். பக்கத்தில் ஒரு கிழவர் தன் கைத்தடியைப் படிக்குக் குறுக்கே நீட்டியிருந்தார். அவள் இடப்பக்கம் குனிந்தால் தடி இடப்பக்கம் வந்தது.

"பாவா, வந்துட்டீங்களா? இவங்ககிட்ட சொல்லுங்க. இன்னும் நூத்தி அம்பத்தொண்ணுதான். அர மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

"கீழ வா."

"நெருப்புகூட வெக்கல. கற்பூரம் வாணாம்னு நானே வுட்டுட்டேன். வெறும் மஞ்ச."

"கஸ்தூரி, கீழ வா."

"பாதில வுட்டா குத்தம் பாவா. பொண்ணு விஷயம்."

அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடினேன். கிழவர் எதையோ கத்திக் கேட்டார். எனக்குத் தெரிந்த சீனம் தொழிற்சாலைச் சீனம். கீறல், துரு, அளவு மிகுதி, இவற்றுக்குச் சொல் தெரியும். சாமி, வேண்டுதல், இவற்றுக்குத் தெரியாது. வாயில் வந்தது, பெட்டி திரும்பி வரும்போது வாங்கியவர்களிடம் நான் சொல்லும் வாக்கியம்: "பொருளில் குறை இருக்கிறது. இன்றே சரிசெய்து தருகிறோம்." கிழவர் என்னையும் கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தார். ஊழியர் போனை எடுத்தார். நான் ஹரிணியைக் கூப்பிட்டேன்.

5

இங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர் உண்டு. எங்கள் வட்டாரத் தலைவிக்கு அறுபது வயதிருக்கும், தலையில் எப்போதும் வெயில் தொப்பி. அவருடைய சின்ன அலுவலகத்துக்கு 6.40க்குப் பூங்கா ஊழியரோடு போனோம். கஸ்தூரியின் காலெல்லாம் மஞ்சள். தரை கெடும் என்று அவளை வெளியே தகரப் பந்தலின் கீழ் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தார்கள். நடுவே கண்ணாடிக் கதவு இருந்தது. எங்களைப் பார்க்கலாம், பேசுவது கேட்காது.

ஹரிணி பள்ளிச் சீருடையில், பையோடு வந்தாள். அம்மாவைக் கடக்கும்போது நிற்கவில்லை.

"கையைப் பின்னால வெச்சுக்கோ" என்று மட்டும், கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

உள்ளே நான்கு நிமிடம் அவள் பேசினாள். தலைவி முதலில் கோபமாகத்தான் கேட்டார். இரண்டாவது நிமிடத்தில் முகம் இளகியது. கண்ணாடி வழியே கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி உடனே எழுந்து, மஞ்சள் கைகளைக் கூப்பிச் சிரித்துக் கும்பிட்டாள். தலைவி ஊழியரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு ஒரு கிண்ணம் தேநீர் வந்தது.

"இன்னா சொன்ன?" என்று ஹரிணியைக் கேட்டேன்.

"விட்டுடுவாங்க."

"இன்னா சொன்னேன்னு கேட்டேன்."

"அம்மாக்கு இங்க சரியில்லன்னு சொன்னேன்." விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டாள். "வேற என்ன சொல்ல? சாமி படின்னா புரியுமா? இந்த மாசம் இந்தத் தெருவுல யாராவது செத்தா நம்மளத்தான் சொல்லுவாங்க. என் கிளாஸ்ல ரெண்டு பேர் இங்கதான் இருக்காங்க."

"மாத்திச் சொல்லு."

"மாத்தினா ஃபைன். ஃபைன்னா பேர் ஏறும். பேர் ஏறினா கார்டு போச்சு. நீங்க மாத்துங்க. நீங்க பேசுங்க அவங்ககிட்ட."

நான் பேசவில்லை. பேச எனக்குச் சொல் இல்லை என்பது உண்மை. சொல் இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

ஒரு தாள் வந்தது. ஹரிணி வரி வரியாகச் சொன்னாள். கஸ்தூரி மனநோயாளி, செய்தது தன்னறிவின்றி, இனிமேல் தனியாக வெளியே விடமாட்டோம், கணவர் பொறுப்பு, இன்று மாலைக்குள் படிகளைக் கழுவித் தருவோம். அபராதம் இல்லை. அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து ஊழியர் விவரம் எழுதினார். பிறந்த தேதி பதினேழு. அவர் பதினொன்று என்று எழுதியிருந்தார். அடித்து, மேலே பதினேழு என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். பிறகு கீழே முழுக் கையெழுத்து, தேதி, நேரம் 7.12. தலைவி எதையோ சொல்லிச் சிரித்தார். நான் நல்ல கவனமான மனிதர் என்றாராம்.

வெளியே வந்ததும் கஸ்தூரி எழுந்தாள். "முடிஞ்சிச்சா? இன்னா சொன்னாங்க?"

"கழுவிட்டாப் போதுமாம்."

"அவ்ளோதானா? நல்ல ஜனங்க பாவா. அவன் கைவுடல, பாத்தீங்களா?"

ஹரிணி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

6

ஆரஞ்சு நிறக் கைவைக்காத சட்டை போட்ட தன்னார்வலப் பெண்கள் இரண்டு பேர் வாளியும் பிரஷும் சோப்புத்தூளும் கொண்டுவந்தார்கள். கஸ்தூரி தூளைப் பார்த்ததுமே கையை ஆட்டினாள்.

"சோப்பு வாணாம்னு சொல்லுங்க பாவா. மஞ்ச மேல சோப்பு பட்டா செவந்துடும். வெறுந் தண்ணி, கொஞ்சம் எலுமிச்சம்பழம் போதும்."

எலுமிச்சைக்கு எனக்குச் சீனம் தெரியும். அதற்குமேல் விளக்க நேரம் இல்லை. 8.05 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"குடுத்ததப் போட்டுக் கழுவு."

"பாவா, ஆரத்தி மாதிரி ஆயிடும்."

"போடு."

அவள் போட்டாள். முதல் படி சிவந்தது. தண்ணீர் ஊற்றியதும் அந்தச் சிவப்பு கீழே சிமெண்டுப் படிகள் ஆறுக்கும் இறங்கியது. கீழே நின்றவர்கள் ஒரே அடியாகப் பின்வாங்கினார்கள். ஒரு பெண் பேரப்பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். கஸ்தூரி அவர்களைப் பார்த்து, "ஒண்ணியும் இல்ல, மஞ்சதான், மஞ்சதான்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

நான் முப்பது படி தேய்த்தேன். மீதி நூற்று எண்பத்து நான்கை அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பு எடுத்தால் வருகைப் பதிவில் குறி விழும். ஆரஞ்சுச் சட்டைப் பெண்களில் ஒருத்தி அவளோடேயே நின்றாள். கஸ்தூரி அதைத் துணை என்று நினைத்தாள். "எனக்குத் தண்ணிகூடக் குடுத்தா, தங்கமான பொண்ணு" என்று மதியம் போனில் சொன்னாள்.

பஸ்ஸில் எனக்கு நினைவு வந்தது எங்கள் மலைப்படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. நான் கல்லூரியில் படித்த காலம். ஒரு கிருத்திகையன்று திருப்பதிப் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. முப்பது வயதுப் பெண்ணை முதல் படியில் உட்காரவைத்து, கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுத்து, தேங்காய் உடைத்துவிட்டு வருகிறோம் என்று மேலே போனார்கள். வேறு வழியாக இறங்கிவிட்டார்கள். யார் கேட்டாலும் அவள், "எங்க வூட்டுக்காரரு மேல போயிருக்காரு, வந்துகினே கீறாரு" என்பாள். பூக்கடைக்காரர்கள், "இன்னாம்மா, உங்காளுக்கு இன்னும் எத்தினி படி பாக்கி?" என்பார்கள். அவள் மேலே பார்த்து எண்ணத் தொடங்குவாள். ஊருக்கே அது வேடிக்கை. நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எனக்காகவும் எண்ணினாள். பதினொரு மாதம் கழித்து ஒருநாள் அங்கே இல்லை. அன்றைய என் நோட்டில் இரண்டே சொற்கள்: "படிக்காரி இல்லை." எங்கே போனாள் என்று நான் யாரையும் கேட்டதாக எழுதியிருக்கவில்லை.

7

மதியம் 2.30. எங்கள் அனுமதிக் காகிதங்களைக் கவனிக்கும் தொழிற்சாலை அலுவலகப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் வரும். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

அந்த அபராதம், குப்பையைத் தப்பான பையில் போட்டால் வரும் அபராதம் போன்றதுதானாம். கட்டினால் முடிந்தது. யார் பேரிலும் ஏறாது, விண்ணப்பத்தைத் தொடவே தொடாது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மனநோய் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களா? எதற்கு?" என்றார்.

வட்டார அலுவலகம் 5.30 வரை. நான்கு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரலாம். போய், எழுதியது பொய் என்று சொல்ல வேண்டும். ஆனால் பொய் எழுதிக் கொடுத்தவன் நான். கையெழுத்து, தேதி, நேரம், சுருக்கொப்பம் எல்லாம் என்னுடையவை. பேரில் ஏறக்கூடியது ஒன்று இருக்குமானால் அதுதான் என்று தோன்றியது. அப்படி ஏறுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேசை மேல் ஒரு பெட்டி காத்திருந்தது. அதை அளந்தேன். ஏழு துண்டுகளில் அளவு பிசகு. பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

இந்தப் பகுதியைக் கஸ்தூரியிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

8

மாலை 6.50க்குக் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. நான் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். கஸ்தூரி பையையும் கழிவு வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தாள். பை போயிருந்தது. வாளி நிரம்பியபடியே இருந்தது.

"அந்த ஆரஞ்சுச் சட்டைப் பொண்ணு கையப் புடிச்சி நிறுத்திட்டா" என்றாள். "நோ அலோன், நோ அலோன்னா. ஹஸ்பெண்ட் சைன்னா. கீழ்வூட்டுக்காரி புள்ளைய இழுத்துப் பின்னால வெச்சிக்கினா. நேத்துதான் அவளுக்குக் கறிவேப்பிலை குடுத்தேன். இன்னாத்துல சைன் போட்டீங்க?"

"கழுவித் தரேன்னு."

"அதுக்கு எதுக்கு நான் தனியா வரக் கூடாது?"

தாளின் நகல் என் பையில், உறைக்குள் இருந்தது. அவளே எடுத்தாள். ஹரிணியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். பதினொரு வருடம் டீச்சராக இருந்த குரல் அது. எனக்கு மறந்தே போயிருந்தது.

"தமிழ்ல சொல்லு. ஒவ்வொரு வரியா."

ஹரிணி என்னைப் பார்த்தாள்.

"அங்க இன்னா பாக்கற? தாளப் பாரு."

"இந்த... பொம்பளைக்கு" என்று தொடங்கினாள். "மனசு. மனசுல நோய். அவங்க பண்ணது அவங்களுக்கே தெரியாது. குடும்பம் அவங்கள தனியா வெளிய விடாது. கணவர்... பொறுப்பு."

"யாரு சொன்னது நோய்னு?"

"நான்."

"கையெழுத்து?"

"அப்பா."

கஸ்தூரி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் அவளால் படிக்க முடிந்தவை எண்கள் மட்டும். எண்களின் மேல் விரலை ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஏன் அடிச்சி எழுதியிருக்கு?"

"உன் பர்த்டே தப்பா இருந்துச்சு" என்றாள் ஹரிணி. "அப்பா சரி பண்ணாரு."

கஸ்தூரி அந்தப் பதினேழின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. சோப்பு தின்ற விரல்நுனிகள் வெளிறி, நகக்கண்ணில் மட்டும் சிவப்பு இருந்தது.

"கார்டுக்காகத்தான்" என்றேன். அலுவலகப் பெண் சொன்னது தெரிந்த பிறகுதான் இதைச் சொன்னேன்.

அப்போது போன் அடித்தது. அக்காள். ஸ்பீக்கரில் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"இன்னாடி, காலைலருந்து போன் பண்ணிகினே கீறேன். முடிச்சியா?"

"ஆங். முடிச்சிட்டேன்கா."

"முந்நூத்தி அறுபத்தஞ்சும்?"

"ஆங். முழுசும்."

"பாவா கூட வந்தாரா?"

"வந்தாரு" என்றாள் கஸ்தூரி, என்னைப் பார்த்துக்கொண்டே. "அவருதான் கடைசி வரைக்கும் கூட நின்னாரு."

போனை வைத்துவிட்டு மஞ்சள் டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது. துடைத்து, குங்குமச் சிமிழோடு அலமாரியில் வைத்தாள்.

"இன்னும் நூத்தி அம்பத்தொண்ணு பாக்கி. காலைல அஞ்சு மணிக்குப் போறேன். தனியா வுடமாட்டேன்னுதானே எழுதிக் குடுத்தீங்க? கூட வாங்க. பைத்தியம் மஞ்ச வெச்சா ஃபைன் இல்லியே. அதான் எழுதி வாங்கிட்டீங்களே."

"அம்மா, வேணாம்மா" என்றாள் ஹரிணி. அன்று முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

"உனக்காகத்தான்டி" என்றாள் கஸ்தூரி. அதில் கோபம் இல்லை. பிறகு கழிவு வாளியை மூடி, பால்கனியில் வைத்தாள். சனிக்கிழமை மாலை வரை அது அங்கே இருக்கும்.

9

செப்டம்பர் 13, சனிக்கிழமை. 4.30க்கு எழுந்தேன். வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாக. வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கவில்லை. அந்த நாளின் கட்டம் நோட்டில் காலியாக இருக்கிறது.

முதலில் செய்தது இது. மஞ்சள் டப்பாவையும் குங்குமச் சிமிழையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தேன். இந்த ஊரில் மஞ்சள் விற்கும் நம் கடை ஒன்று உண்டு, இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும், இனி அவள் தனியாகப் போக முடியாது. தொட்டி சுத்தமாக ஒன்பது நிமிடம் ஆனது. சோப்புப் போடவில்லை. வெறுந் தண்ணீரும் அரை மூடி எலுமிச்சையும் போதுமாக இருந்தன. கறை இல்லை.

டப்பாவையும் சிமிழையும் ஈரம் போகத் துடைத்து, மூடி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். பிறகு நாற்காலியை வாசற்கதவுக்கு நேரே போட்டு, கூடப் போகிறவன்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே கஸ்தூரி எழுந்து குளிக்கும் சத்தம் கேட்டது.